புத்தாண்டுத் தாளில் என் பேத்தி எதுவும் எழுதவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு வணக்கம்.

நான் ஓர் ஆசிரியை. தொடக்க வகுப்புகளுக்கு எல்லாப் பாடமும் எடுப்பேன் என்றாலும் பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் என்றுதான் பெயர். இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறேன். மகன், மருமகள், நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தி, நான் என்று நாலு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. எனக்குப் பெரிய பிரச்சினை என்று சொல்ல எதுவும் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனதில் ஒரு உறுத்தல், யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை என்றுதான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் காலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுப்பேன். இந்த வருடம் என்னென்ன செய்யப்போகிறோம் என்று எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டு என்னிடம் தர வேண்டும். அதை ஃபைலில் போட்டு வைப்பேன். அடுத்த ஜனவரியில் பழைய தாளை எடுத்து, நடந்ததற்கு டிக், நடக்காததற்குப் பெருக்கல் குறி போட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போட்டு வாசிப்பேன். எல்லோரும் சிரிப்போம். என் மகன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இது நடக்கிறது. அவனுடைய முதல் தாள்கூட என்னிடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். இது ஒரு கொடுமையா, நீங்களே சொல்லுங்கள்.

இந்த வருடம் தாளை எடுத்ததுமே மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா, இந்த வருஷம் இது வேண்டாமே" என்றான். மருமகள், "அத்தை, அவளுக்கு லீவு. லீவுலயாவது விட்டுடலாமே" என்றாள். நான் விடவில்லை. நல்ல பழக்கத்தை ஒரு வருடம் விட்டால் அப்புறம் திரும்ப வராது. மகன் 'உடம்பைக் குறைப்பேன்' என்று ஒரே வரி எழுதினான். போன வருடமும் அதே வரிதான், அதற்கு முந்தின வருடமும் அதேதான். மருமகள் 'நிம்மதியாக இருப்பேன்' என்று எழுதினாள். இதற்கு என்ன அர்த்தம்? நான் கேட்கவில்லை. பேத்தி மேலே தேதியைப் போட்டுவிட்டுக் கீழே ஒன்றும் எழுதாமல் வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஏன் கண்ணு என்றேன். "எழுதினா நீங்க வச்சிருப்பீங்க பாட்டி" என்றாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. மகன் எழுந்து போய்விட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தி அம்மா வந்தார்கள். பேத்தி ஓடிப்போய் மடியில் உட்கார்ந்துகொண்டாள். சீட்டு விளையாடினார்கள். சிரிப்புச் சத்தம் மாடி வரை கேட்டது. அந்த அம்மா இவளிடம் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பார்த்ததில்லை. விளையாட்டில் இவள் ஏமாற்றினால்கூடக் கண்டுகொள்ள மாட்டார்கள். அவர்கள் வந்தால் கொண்டாட்டம். தினமும் கூடவே இருந்து, பள்ளி வேன் வரும் வரை வாசலில் நிற்கிற எனக்கு வெறும் தாள். பொறாமை என்று நினைக்காதீர்கள். குழந்தைக்கு எது நல்லது என்று பார்க்க வேண்டாமா என்பதுதான் என் ஆதங்கம்.

பள்ளியிலும் இதே கதைதான். விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் பிரார்த்தனைக் கூட்டத்தில் புத்தாண்டுப் பேச்சு எப்போதும் நான்தான் பேசுவேன். இந்த முறை தலைமையாசிரியை அதைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். என்னிடம், "நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ரெஸ்ட் கேட்டேனா? அந்தப் பெண் போனைப் பார்த்து வாசித்தாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இனி புது வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதும் வேலையும் எனக்குக் கிடையாது என்று அப்போதுதான் உறைத்தது.

என்னைக் கண்டிப்பான டீச்சர் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். விடை தப்பாக வந்தவர்கள்தான் முதலில் கரும்பலகைக்கு ஓடி வருவார்கள். தப்பான கணக்கை அப்படியே எழுத வேண்டும், எந்த வரியில் வழுக்கியது என்று வகுப்பே சேர்ந்து கண்டுபிடிக்கும், கண்டுபிடித்ததும் எழுதியவருக்குக் கைதட்டு. சரியாகப் போட்ட பிள்ளைகள் எங்களுக்கு வாய்ப்பில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மற்ற வகுப்பு ஆசிரியர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நான் சொந்தப் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா? பின்னம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. டீச்சரோட பேத்திக்குப் பின்னமே தெரியவில்லை என்று நாலு பேர் பேசினால் யாருக்கு அவமானம்? ஆனால் ஒரு நாளும் நான் அவளைத் திட்டியது கிடையாது. நீ புத்திசாலி, உன் தாத்தா மூளை உனக்கு, இதெல்லாம் உனக்குச் சாதாரணம் என்றுதான் சொல்வேன். (நான் அறைக்குள் போனாலே நோட்டை மூடிவிடுவாள். பிள்ளைகள் அப்படித்தான். என் மகனும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தான்.) சரி, அதை விடுங்கள்.

மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். லீவுலயாவது என்று அவள் சொன்ன அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவே இல்லை. அப்படியென்றால் மற்ற நாளெல்லாம் நான் என்ன செய்கிறேன் என்று அர்த்தம்? நேரடியாகக் கேட்டுவிடலாமா? இந்த வீட்டில் ஒரு மணி நேரம் எனக்காக உட்கார யாருக்கும் மனமில்லை. ஒரு தாள், ஒரு பேனா, அதற்குக்கூட இவ்வளவு சலிப்பு. பள்ளியிலும் நான் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம் என்றால் ஓய்வுக்குப் பிறகு நான் என்னதான் செய்வது? குடும்பத்தில் இந்த நல்ல பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க என்ன வழி? எல்லோருக்கும் தாள் கொடுத்த நான் எனக்கு இன்னும் எழுதவில்லை. இந்த வருடம் நான் என்ன தீர்மானம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை


அன்புள்ள அம்மாவுக்கு,

புத்தாண்டுத் தாளைப் பற்றியும் சம்பந்தி அம்மாவைப் பற்றியும் மேடைப் பேச்சைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். நோட்டை மூடும் பேத்தியைப் பற்றிச் சின்னதாக மூன்றே வாக்கியம், அதுவும் அடைப்புக்குறிக்குள். எழுதிய கையோடு 'அதை விடுங்கள்' என்றும் சொல்லிவிட்டீர்கள். என்னால் விட முடியவில்லை.

வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் இதைத் தாண்டிப் போயிருப்பேன். எழுதியிருப்பது ஓர் ஆசிரியை. பெரியவர் பக்கத்தில் வந்ததும் ஒரு குழந்தை நோட்டை மூடினால் அதற்கு என்ன பொருள் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் 'பிள்ளைகள் அப்படித்தான்' என்று அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவீர்களா? அன்றைக்கே அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காரும் டீச்சராகத்தான் நீங்கள் எனக்குத் தெரிகிறீர்கள். கரும்பலகை விஷயத்தைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. தப்பான விடையோடு ஓடி வரும் வகுப்பை உருவாக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அப்படியானால் கேள்வி இதுதான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் தப்பைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடி வருகிறார்கள். வீட்டில் இருக்கும் ஒரே பிள்ளை ஏன் மறைக்கிறாள்?

பதிலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை பின்னத்தைத் தப்பாகப் போட்டால் அது அந்தப் பிள்ளையின் தப்பு. நீங்கள் நிதானமாக அதை ஆராயலாம், ரசிக்கக்கூடச் செய்யலாம். பேத்தி தப்பாகப் போட்டால் 'யாருக்கு அவமானம்?' என்று கேட்கிறீர்கள். உங்களுக்குத்தான் என்பது உங்கள் எண்ணம். அதாவது வீட்டில் அவள் போடும் கணக்கில் உங்கள் மானமும் சேர்ந்தே இருக்கிறது. நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்கு இது புரிந்துவிடும். அவள் நோட்டை மூடுவது பின்னத்துக்குப் பயந்து என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறும். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

ஒரு நாளும் திட்டியதில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் 'நீ புத்திசாலி, உனக்கு இதெல்லாம் சாதாரணம்' என்ற வார்த்தைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். அடுத்து, வேண்டுமென்றே கஷ்டமான புதிர்களைக் கொடுத்து எல்லோரையும் தடுமாற வைத்தார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். பிறகு, முகம் தெரியாத வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்றபோது, கூட்டி எழுதியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். யாரும் அவர்களைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. புத்திசாலி என்ற பட்டம் கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம் மட்டும்தான். 'தாத்தா மூளை' என்று நீங்கள் சொல்லும்போது அவள் காப்பாற்ற வேண்டிய பட்டத்தில் மறைந்துபோன தாத்தாவும் சேர்ந்துவிடுகிறார். பாவம், ஒரு பின்னக் கணக்கின் தலையில் இவ்வளவு சுமையா!

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா அப்பாவிடமும் அவள் நோட்டை மூடுகிறாளா என்று தெரியாது. அப்படி இருந்தால் வகுப்பில் வேறு ஏதாவது நடக்கலாம், பாடத்தில் உண்மையிலேயே ஏதோ சிரமம் இருக்கலாம். அப்போது அவளுடைய வகுப்பு ஆசிரியரிடம் பேச வேண்டும். அதைப் பெற்றோர் பேசட்டும். பாட்டி டீச்சராகப் போய் இன்னொரு டீச்சரிடம் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அந்தத் தாள். நீங்கள் இதை ஒரு நல்ல பழக்கம் என்கிறீர்கள். எழுதும் பகுதியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வைத்திருந்து திருத்தும் பகுதிதான் விஷயத்தைக் கெடுக்கிறது. ஜனவரி முதல் தேதிக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2014இல் வெளியான ஆய்வு. வாரம், மாதம், வருடம், பல்கலைக்கழகத்தில் செமஸ்டர் என்று எது புதிதாகத் தொடங்கினாலும் ஜனங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது கூடுகிறது. அவர்கள் சொல்லும் காரணம் எனக்குப் பிடிக்கும். இப்படியொரு நாள் வரும்போது, சொதப்பியதெல்லாம் பழைய ஆள், நான் வேறு என்று மனது ஒரு கோடு கிழித்துக்கொள்கிறதாம். அந்தக் கோடுதான் தெம்பு தருகிறது. உங்கள் மேசையிலோ புது வருடம் பிறந்த முதல் மணி நேரத்திலேயே பழைய ஆள் பெருக்கல் குறிகளோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். கரும்பலகையை அழிக்காமல் அதன் மேலேயே அடுத்த கணக்கைப் போடச் சொல்வது மாதிரி இது. தேதி மட்டும் எழுதிவிட்டு நிறுத்திய பேத்தி, அந்த மேசையில் இருந்த பெரியவர்களைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறாள். காரணத்தையும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தம். மறைக்காமல் அவள் உங்களிடம் சொன்ன ஒரு வாக்கியம் அது.

மார்க் போடுவதைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கலாம். ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாளில் வெறும் குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள் முன்னேறினார்கள். மார்க் மட்டும் வாங்கியவர்கள் முன்னேறவில்லை. மார்க்கும் குறிப்பும் சேர்ந்து வாங்கியவர்களும் முன்னேறவில்லை. மார்க்கைப் பார்த்த கண் குறிப்புக்குப் போகவில்லை. வகுப்பில் தப்புக்குக் கைதட்டும் நீங்கள் வீட்டில் ஏன் பத்துக்கு இத்தனை என்று போடுகிறீர்கள்? எல்லோரும் சிரிப்போம் என்கிறீர்கள். யார் முதலில் சிரிக்கிறார்கள், யார் கடைசியில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மருமகள் சொன்ன 'லீவுலயாவது' உங்களைக் குத்துகிறது. மற்ற நாளெல்லாம் நான் என்ன செய்கிறேன் என்று அர்த்தம் என்று கேட்கிறீர்கள். தினமும் செய்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். இந்த விஷயத்தில் நான் மருமகள் பக்கம். தன் குழந்தைக்காக ஒரு தாய் பேசியிருக்கிறாள். குரலை உயர்த்தவில்லை, 'அத்தை' என்று மரியாதையோடுதான் ஆரம்பித்திருக்கிறாள். நேரடியாகக் கேட்டுவிடலாமா என்கிறீர்களே, கேளுங்கள். ஆனால் அந்த வார்த்தைக்கு விளக்கம் கேட்காதீர்கள். 'நிம்மதியாக இருப்பேன்' என்று எழுதியிருந்தாளே, அதற்கு நான் ஏதாவது செய்ய முடியுமா என்று கேளுங்கள். மூன்று தாள்களில் உண்மையான விருப்பம் ஒன்றைத் தாங்கி வந்தது அவளுடையதுதான். அதையும் உங்கள் மேல் வைத்த குற்றச்சாட்டாகவே படித்திருக்கிறீர்கள். வேலையில் என்ன பாரமோ, உடம்புக்கு என்னவோ, யாருக்குத் தெரியும்?

சம்பந்தி அம்மாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1964இல் அமெரிக்காவில் பெர்னிஸ் நியூகார்ட்டன், கரோல் வைன்ஸ்டீன் என்ற இருவர் 70 தாத்தா பாட்டி தம்பதிகளை ஆராய்ந்து, தாத்தா பாட்டிகளை ஐந்து விதமாகப் பிரித்தார்கள். தள்ளி நின்று பார்ப்பவர்கள், கூடச் சேர்ந்து விளையாடுபவர்கள், தாய் தந்தை இடத்தில் நின்று வளர்ப்பவர்கள், குடும்பத்தின் அறிவுக் களஞ்சியமாக இருப்பவர்கள், எப்போதாவது வந்து போகிறவர்கள். இதில் களஞ்சியமாக இருந்தவர்கள் மிகச் சிலர்தான். உங்கள் சம்பந்தி விளையாடும் வகை. அது பொறுப்பில்லாத வகை என்று யாரும் சொல்லவில்லை. ஏமாற்றினால்கூடக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்கிறீர்கள். கவனித்துவிட்டுப் பேசாமலும் இருக்கலாம், இல்லையா? வாரம் முழுக்கச் சரியாக இருக்க வேண்டிய குழந்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றிப் பார்க்க ஒரு மடி கிடைத்திருக்கிறது. பொறாமை இல்லை என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. பொறாமைதான், அதில் என்ன தப்பு? வாசலில் தினமும் நிற்பவருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பள்ளி விஷயம் வேறு. அங்கே நீங்கள் பட்ட காயம் நியாயமானது. எப்போதும் நீங்கள் பேசிய பேச்சைக் கடைசி வருடத்தில், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறொருவருக்குக் கொடுத்தது சரியில்லை. ரெஸ்ட் எடுங்கள் என்பது அக்கறை மாதிரி தெரியும், உள்ளே கத்தி இருக்கும். தலைமையாசிரியையிடம் சொல்லலாம். எனக்கு வருத்தமாக இருந்தது, கடைசி நாள் கூட்டத்தில் பேச ஆசைப்படுகிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். அந்தப் புதுப் பெண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டதைப் பார்த்து உங்களுக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்திருக்கும். பரவாயில்லை. உங்கள் முதல் வருடத்தில் யாராவது கொட்டாவி விட்டிருப்பார்கள்.

வருகைப் பதிவேட்டைப் பற்றி எழுதியிருந்தீர்களே, இரண்டாவதாக என்னை நிறுத்திய வரி அது. ஆசிரியர்களுக்கு ஜனவரி எப்போதுமே பாதி வருடம்தான். உண்மையான புத்தாண்டு பள்ளி திறக்கும் நாளில், புதுப் பதிவேட்டில் முதல் பெயரை எழுதும்போது பிறக்கிறது. ஆண்டு எந்த நாளில் பிறக்கிறது என்பதெல்லாம் மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டதுதானே. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி மார்ச் 25தான் வருடப் பிறப்பு. 1752இல் இருந்துதான் ஜனவரி 1. உங்களுக்கு இத்தனை காலம் இரண்டு புத்தாண்டுகள் இருந்தன. இனிமேல் ஒன்று இல்லை. மிச்சமிருக்கும் ஒன்றை, மேசையை, தாளை, ஃபைலை, இவ்வளவு இறுக்கமாக நீங்கள் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு வகுப்பு கையை விட்டுப் போகிறது, அதனால் வீட்டு வகுப்பை விட மனம் வரவில்லை. ஆனால் பள்ளியில் மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த மணி அடிப்பதே இல்லை, அம்மா.

பள்ளியிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் வேண்டாம் என்று சொல்லப்படுவது டீச்சர். பாட்டியை யாரும் இதுவரை பார்க்கவில்லை, வேண்டுமா வேண்டாமா என்று எப்படிச் சொல்வார்கள்? கரும்பலகை வித்தை கையில் இருப்பவர் ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட ஒருவர் எல்லா இடத்திலும் தேவை. டீச்சரை அங்கே அனுப்பிவிடுங்கள்.

செய்ய வேண்டியது என்று நான் சொல்வது கொஞ்சம்தான். ஃபைலில் இருக்கும் தாள்களை உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பிரசங்கம் எதுவும் வேண்டாம், 'இது உங்களுடையது' என்றால் போதும். கிழிக்கட்டும், வைத்துக்கொள்ளட்டும். பேத்தியிடம் இந்தக் கல்வியாண்டு முடியும் வரை படிப்பைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். பின்னம் ஓடிப்போகாது. அவள் அறைக்குப் போகும்போது கையில் உங்கள் வேலை எதையாவது எடுத்துக்கொண்டு போய் ஓர் ஓரமாக உட்காருங்கள். அவள் நோட்டை மூடினால் மூடட்டும், பார்க்காத மாதிரி இருங்கள். எப்போதாவது அவளே திறந்து 'பாட்டி, இது வரல' என்று காட்டினால், உங்கள் வகுப்பில் செய்வதைச் செய்யுங்கள், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். அவள் காட்டாமலே வருடம் முடிந்தாலும் கேட்கக் கூடாது. இது கஷ்டம் என்று தெரியும். உங்களுக்கு என்ன தீர்மானம் என்று கேட்டிருந்தீர்கள், தனியாக ஒன்றும் எழுத வேண்டாம், இதற்கே நேரம் சரியாக இருக்கும்.

கடைசியாக உங்கள் மகன். அந்த அடைப்புக்குறிக்குள் அவரையும் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள், அதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 'உடம்பைக் குறைப்பேன்' என்று வருடா வருடம் ஒரே வரியை எழுதுகிறாரே, அது சோம்பேறித்தனம் என்று நினைத்தீர்களா? அம்மா வாசித்தாலும், மார்க் போட்டாலும், எல்லோரும் சிரித்தாலும் வலிக்காத ஒரு வரியை அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அவர் இன்னும் நோட்டை மூடிக்கொண்டுதான் இருக்கிறார். தன் மகளும் அதையே செய்ய ஆரம்பித்ததைப் பார்த்த அன்று பேசாமல் எழுந்து போய்விட்டார்.

அவரிடம் தனியாக ஒரு முறை பேசுங்கள். மருமகளும் பேத்தியும் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். 'சின்ன வயசுல நான் வந்தா நோட்டை மூடுவியே, என்னப்பா நினைச்சுக்கிட்டு மூடுவ?' என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் காரணம் சொல்லாதீர்கள். உன் நல்லதுக்குத்தான் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா' என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொள்ளவும் கூடும். அப்படியானால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் மறுபடி கேட்க வேண்டாம். ஒரு தடவை கேட்டுவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும். சொல்லத் தோன்றும்போது அவரே வருவார்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்